ஏலாக்குறிச்சியின் இரண்டாம் அகராதி

இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போய்த் தண்ணீர் கேட்டாலும் முதலில் ஒரு விசாரணை நடக்கிறது. கேன் தண்ணியா, ஃபில்டர் தண்ணியா, ஃப்ரிட்ஜில் வைத்ததா, சாதாவா, சுட வைக்கணுமா என்று வரிசையாகக் கேட்கிறார்கள். எதையோ ஒன்றைச் சொல்லி நாம் விடுபடுவதற்குள் தாகம் கோபித்துக்கொண்டு போய்விடுகிறது. அலுத்துக்கொள்ளலாம்தான். ஆனால் கொள்ளிடத்தின் வடகரையில், திருமானூர்ப் பக்கம், ஏலாக்குறிச்சியில் வளர்ந்தவனுக்கு அந்த உரிமை இல்லை, ஏனென்றால் எங்கள் அப்பாயி இவர்களையெல்லாம்விடக் கறாரான விசாரணை அதிகாரி. அவள் கேட்டது குடிக்க வந்தவனை அல்ல, குடத்தோடு வந்தவனை. "எங்கேர்ந்து எடுத்தாந்தே?" என்பாள். ஆத்துலேர்ந்து என்று சொன்னால் போதாது. எந்தத் துறை, துறைக்கு மேலண்டையா கீழண்டையா, நீயே பறிச்ச ஊத்தா, எவனோ பறிச்சுப் போட்ட ஊத்தா என்று கேட்டுக்கொண்டே ஒரு வாய் குடித்துப் பார்ப்பாள். பொய் சொல்லியிருந்தால் அந்த ஒரு வாயிலேயே தெரிந்துவிடும். மிச்சத்தை மாட்டுத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு வெறுங்குடத்தை நம்மிடம் நீட்டுவாள்.

கோடையில் கொள்ளிடம் ஆறாக இருக்காது, எதிர்க்கரை கானலில் ஆடுகிற ஒரு மணல்வெளியாக இருக்கும். காவிரிக்கு மிஞ்சியதைத்தான் அது வாங்கிக்கொள்ளும் என்பதால் வருஷத்தில் பாதி நாள் அதற்கு வேலையே கிடையாது. அந்த மணலில் உட்கார்ந்து கையாலும் கொட்டாங்கச்சியாலும் பறித்துக்கொண்டே போனால் முழங்கை ஆழத்தில் மணல் நிறம் மாறும், விரல் நுனி சில்லிடும், ஓரங்கள் சரியத் தொடங்கும். முதலில் வருகிற கலங்கலை இறைத்து எறிந்துவிட்டுப் பக்கத்து ஊத்துக்காரனோடு வம்பளந்துகொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்தால், அடியில் மணல் துள்ளுவது தெரிகிற அளவுக்குத் தெளிந்து நிற்கும். குடத்து வாயில் துணியைக் கட்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு ஊற்ற வேண்டும். இதற்குச் சோம்பிப்போய், விடியற்காலையில் வந்தவர்கள் பறித்துவிட்டுப் போன குழியிலேயே மொண்டு வந்தால் அது 'சோம்பேறி ஊத்து'. மாடு குளிப்பாட்டுகிற இடத்துக்குக் கீழே எடுத்தால் அது 'மாட்டு ஊத்து'. அப்பாயி கவிழ்த்தவை பெரும்பாலும் இந்த இரண்டு சாதிகள்தான்.

மேட்டூரில் திறந்துவிட்டு, முக்கொம்புக்கு மேல் வெள்ளம் தாங்காமல் கொள்ளிடத்தில் தள்ளிவிட்டார்கள் என்றால் கதையே மாறும். புதுத்தண்ணி செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு வரும். அதைப் பிடித்துவந்து, பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரைத்து, ராத்திரி முழுக்க அசைக்காமல் வைத்தால் காலையில் மண் அடியில் படிந்து மேலே தெளிந்திருக்கும். தெளிவதற்கு முன்னால் அதற்கு எங்கள் பெயர் 'காப்பித்தண்ணி'. ஆறு எட்டாத நாட்களுக்கு இருக்கவே இருந்தது கிணறு. அரியலூர்ச் சீமை முழுக்கச் சுண்ணாம்புக்கல் என்பதால், எங்கள் பக்கத்துக் கிணறுகள் சிலவற்றில் சோப்பு நுரைக்காது, பாத்திரத்தின் அடியில் வெள்ளையாய்ப் பொருக்கு கட்டும். பெண்கள் அதைப் 'பருப்பு வேகாத தண்ணி' என்று சலித்துக்கொண்டார்கள். 1979-இல் அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலை ஓடத் தொடங்கியதும் நாங்கள் அதைச் 'சிமெண்டுத் தண்ணி' ஆக்கினோம். அதைத் தொடர்ந்து குடிக்கிறவன் நடுராத்திரியில் இறுகிப்போவான் என்று சின்னப் பிள்ளைகளைப் பயமுறுத்தியதில் எனக்கும் பங்கு உண்டு.

இப்படிப் பெயர் வைத்துத் திரிந்த காலத்தில்தான் எங்கள் தமிழ் ஐயா வீரமாமுனிவரைப் பாடமாக நடத்தினார். எங்களுக்கு அவர் பாடப்புத்தக ஆள் இல்லை, ஊர்க்காரர். 1680-இல் இத்தாலியில் காஸ்திக்லியோனே என்ற ஊரில் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, தமிழ்நாட்டுக்கு வந்து, தைரியநாதர் என்று பெயர் வைத்துக்கொண்டு, பிறகு வீரமாமுனிவராகி, எங்கள் ஊரில் மாதாவுக்கு ஆலயம் எழுப்பி, ஊருக்கே திருக்காவலூர் என்று இன்னொரு பெயரும் சூட்டிக் கலம்பகம் பாடியவர். ஆக, பெயர் வைப்பது எங்கள் ஊரில் பரம்பரை வியாதி. ஆற்றைக் கடக்கப் பயந்து, ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையை நனைத்துப் பார்த்த பரமார்த்த குருவின் சீடர்கள் கதையை எழுதியவரும் அவரே. அந்த ஆறு எங்கள் கொள்ளிடம்தான் என்று நாங்களாகவே தீர்ப்பு எழுதிக்கொண்டோம், மறுத்துச் சொல்ல யாரும் வரவில்லை.

ஐயா அன்று சொன்னதில் எனக்கு உறைத்தது ஒரே விஷயம். அதுவரை தமிழில் சொற்பொருள் தெரிய வேண்டுமானால் நிகண்டுகளைச் செய்யுளாக மனப்பாடம் செய்ய வேண்டும். இந்த மனிதர்தான் 1732-இல் பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்காகப் பிரித்து, அகர வரிசையில் அடுக்கி, சதுரகராதி என்று ஒன்றைச் செய்தார். நிகண்டில் தண்ணீருக்கு எத்தனை பெயர் என்று கேட்டு, நீர், புனல், அப்பு, வாரி, தோயம், உதகம் என்று ஐயா அடுக்கிக்கொண்டே போக, இதில் ஒன்றைக்கூட எங்கள் ஊரில் யாரும் குடித்ததில்லையே என்று எனக்குத் தோன்றியது. அன்றைக்கே கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'தண்ணி அகராதி' தொடங்கப்பட்டது. முன்னவரைப் போலவே நான்கு பகுதி. ஆசிரியர் குழு நானும் இன்னும் இரண்டு பேரும்.

பெயர்ப் பகுதி சுலபமாக நிரம்பியது. பஞ்சாயத்துக் குழாயில் திருச்சி வானொலி பாடுகிற நேரத்தில் மட்டும் வந்து, பாட்டு முடியும்போது நின்றுவிடுகிற தண்ணீர் 'ரேடியோத் தண்ணி'. பிளீச்சிங் பவுடர் கொஞ்சம் தாராளமாக விழுந்துவிட்டால் அது 'ஆஸ்பத்திரித் தண்ணி'. அதைக் குடித்தால் ஊசி போட்டுக்கொண்ட பலன் என்று குறிப்பும் எழுதினோம். பள்ளிக்கூடத்துப் பானையில் இருந்தது 'மணித்தண்ணி', மணி அடித்தால்தான் கிடைக்கும், கடைசி வகுப்புக்காரர்கள் வருவதற்குள் தீர்ந்துபோகும். அடிபைப்புக்கு மட்டும் பெயர் வைக்கும் வேலையே இருக்கவில்லை, ஒவ்வொன்றும் தன் குரலில் தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. தொகைப் பகுதியில் இருவகைத் தண்ணி என்றால் குடிக்கிற தண்ணி, காட்டுகிற தண்ணி; காட்டுவது மாட்டுக்கும் உண்டு, கடன் கேட்டு வருகிறவனுக்கும் உண்டு. முத்தண்ணி என்றால் பச்சத்தண்ணி, வெந்நி, கழனித்தண்ணி. தொடைப் பகுதியில்தான் மாட்டிக்கொண்டோம். தண்ணிக்கு எதுகையாக எங்கள் மூவர் குழுவுக்கு எட்டியது பன்னி ஒன்றே ஒன்றுதான். நோட்டு ஐயா கையில் சிக்கியபோது மற்ற மூன்று பகுதிகளையும் புரட்டிப் பார்த்துவிட்டு, நான்காவதில் வந்து நின்று, "னகர ணகர வித்தியாசம் தெரியாத பயலுக்கு அகராதி ஒரு கேடா? அகராதி புடிச்ச பயலே" என்று காதைத் திருகினார். திருகிய கையைக் காதிலிருந்து எடுக்காமலேயே இன்னொரு தடவை முதல் பக்கத்தைப் படித்ததையும் நான் பார்த்தேன்.

ஒரு தண்ணீருக்கு மட்டும் பட்டப்பெயர் வைக்க எங்களுக்குத் துணிவு வரவில்லை, தைரியநாதர் வாழ்ந்த ஊராக இருந்தும். அரியலூர்ப் பாளையக்காரர் ரங்கப்ப மழவராயருக்கு ராஜபிளவை வந்து எந்த மருந்துக்கும் அடங்காமல் இருக்க, வீரமாமுனிவர் மாதாவை வேண்டிக்கொண்டு, ஊற்றெடுத்த தண்ணீரும் சேறும் பச்சிலையும் வைத்துக் கட்டி ஆற்றினார் என்பதும், அதற்கு நன்றியாக மழவராயர் கோயிலுக்கு நிலம் எழுதிக் கொடுத்தார் என்பதும் எங்கள் ஊரில் தாய்ப்பாலோடு ஊட்டப்படுகிற வரலாறு. வெளியூரிலிருந்து நடந்தும் வண்டி கட்டியும் வருகிறவர்கள் மாதா குளத்தில் முகம் கழுவி, குப்பியில் பிடித்துப் போவார்கள். ஊரில் தண்ணீரைக் குப்பியில் அடைத்துப் பார்த்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல். குடிப்பதற்காக அல்ல, நோயாளி நெற்றியில் தடவ. விலை கொடுத்து வாங்கி வாயில் ஊற்றிக்கொள்ளக் குப்பியில் தண்ணீர் வரும் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால், அவருக்குத்தான் முதலில் நெற்றியில் தடவியிருப்பார்கள்.

நோட்டில் எழுதாமல் விட்ட பெயர்களும் உண்டு. இன்ன தெருக் கிணறு, இன்னார் கிணறு என்று ஊர் சொன்ன பெயர்களுக்குள் யார் அங்கே குடத்தை இறக்கலாம், யார் தள்ளி நின்று, யாராவது இரக்கப்பட்டு ஊற்றும்வரை காத்திருக்க வேண்டும் என்ற சட்டமும் சேர்ந்தே இருந்தது. அந்தப் பெயர்களில் விளையாட்டு ஏதும் இல்லை. மாதாவுக்கு முன்னால் எல்லோரும் முழங்கால் போட்டார்கள், கிணற்றடியில் வரிசை வேறாக இருந்தது. ஆற்று மணல் மட்டும் யார் பறித்தாலும் அதே ஆழத்தில் ஊறியது. பழையதை நினைத்துப் பெருமூச்சு விடுகிறவர்கள் பக்கத்து வீட்டுக்காரரிடமும் ஒரு தடவை கேட்டுவிட்டு விடுவது நல்லது.

ஊரை விட்டு நான் மதராசுக்கு வேலைக்குப் போனது எண்பதுகளில். அங்கே குடியிருந்த வீட்டில் கார்ப்பரேஷன் குழாய் வாசலோடு சரி, அதிலும் காற்றுதான் வரும். தெருவாசிகள் எல்லோரும் விடிவதற்கு முன்னால் அடிபைப்பைப் பிடித்துத் தொங்குவார்கள். இந்த வீரதீரத்தை அப்பாவுக்கு எழுதினேன்: 'நான் நலம். இங்கே எல்லோரும் காலையிலேயே தண்ணி அடிக்கிறார்கள். முதலில் கஷ்டமாக இருந்தது, இப்போது எனக்கும் பழகிவிட்டது. வீட்டுக்கார அம்மாவும் கூடவே அடிப்பார்.' இன்லாண்டு லெட்டர் ஊர் போய்ச் சேர்ந்ததும் அப்பா பதில் எழுதவில்லை, புறப்பட்டு வந்துவிட்டார். கையில் ஒரு துணிப்பை, முகத்தில் ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசிய களை. வாசலில் அடிபைப்பின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்ற வீட்டுக்கார அம்மாவைப் பார்த்த பிறகுதான் துணிப்பையை இறக்கி வைத்தார். 'தண்ணி' என்ற பெயரை அந்த இன்னொரு சரக்கு எப்போது எங்கள் ஊரில் சுருட்டிக்கொண்டு போனது என்று யாரும் குறித்து வைக்கவில்லை. அப்பாயி காலத்தில் 'தண்ணி வண்டி' என்றால் பீப்பாய் ஏற்றிய மாட்டு வண்டி. என் காலத்தில் அது சாயங்காலம் கடைத்தெருவில் இரண்டு பக்கச் சுவரையும் விசாரித்தபடி நடந்து வருகிற ஆள்.

மதராஸ் தண்ணீரைக் குடித்துக் குடித்து நான் அதற்கும் ஒரு பட்டியல் சேர்த்துக்கொண்டேன்: லாரித் தண்ணி, மெட்ரோ தண்ணி, நீளமான கியூவில் அடிதடி நடந்தால் போலீஸ் தண்ணி. அறுபதுகளின் கடைசியிலிருந்தே வீராணத்திலிருந்து தண்ணீர் வரப்போகிறது, வரப்போகிறது என்றார்கள். அதற்காகச் செய்த ராட்சதக் குழாய்கள் சாலையோரம் கிடந்ததை ஊருக்குப் போகும் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்துப் பார்த்தே எங்களுக்கு வயதாகியது. கடைசியில் 2004-இல் புதிய வீராணம் திட்டம் வந்தேவிட்டது. மேட்டூரில் கிளம்பி, கொள்ளிடத்தில் இறங்கி, எங்கள் ஊர்க் கரையை உரசிக்கொண்டு போய், ஆர்தர் காட்டன் கட்டிய கீழணையில் திரும்பி, வடவாறு வழியாக வீராணம் ஏரியில் விழுந்து, வடக்குத்தில் சுத்தமாகி, 200 கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் பயணம் செய்து போரூருக்கு வருகிறது, நாளைக்கு 18 கோடி லிட்டர் கொண்டுவரலாம் என்று கணக்கு. அதாவது, நான் ஊரை விட்டு ஓடிவந்து இருபது வருஷம் கழித்து ஊர்த் தண்ணீர் என்னைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறது. அடுக்குமாடியில் இருந்த அண்டை வீட்டாரிடம் "இது எங்க ஊர்த் தண்ணி" என்று மாப்பிள்ளை வீட்டார் தோரணையில் சொல்லிப் பார்த்தேன். "ஓ, அதான் கலரா இருக்கா?" என்று கேட்டார்கள். அப்பாயியாக இருந்தால் ஒரு வாய் குடித்துவிட்டு, எந்தத் துறைக்கு மேலண்டை என்று சொல்லியிருப்பாள்.

ஆனால் பெயர் விஷயத்தில் எங்கள் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டது பிஸ்லெரி. மிலான் நகரத்தில் ஃபெலிச்சே பிஸ்லெரி என்பவர் இரும்புச்சத்தும் சிங்கோனாப் பட்டையும் சேர்த்துக் கசப்பு டானிக் ஒன்றை விற்றுக்கொண்டிருந்தார். அவர் காலமான பிறகு, அவர் பெயரில் 1965-இல் பம்பாயில் கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் விற்கத் தொடங்கினார்கள், 1969-இல் பார்லே கம்பெனி அதை வாங்கிக்கொண்டது. தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிற கிறுக்கன் இந்தியாவில் யார் இருக்கிறான் என்று அப்போது பலர் சிரித்திருப்பார்கள். எங்கள் அப்பாவிடம் கேட்டிருந்தால் சிரிக்கக்கூட மாட்டார். இன்றைக்குத் திருமானூர் பஸ் நிறுத்தத்தில் எந்தக் கம்பெனித் தண்ணீரானாலும் "ஒரு பிஸ்லெரி குடுங்க" என்றுதான் கேட்கிறார்கள், கடைக்காரரும் அந்தப் பெயரில் ஒரு எழுத்தைக் கூட்டியோ குறைத்தோ அச்சடித்த எதையாவது எடுத்துக் கொடுக்கிறார், இருவருக்கும் மனத்தாங்கல் இல்லை. பெஸ்கி பிறந்ததும் லொம்பார்தியா மாகாணம், பிஸ்லெரி கடை வைத்ததும் லொம்பார்தியா. ஒருவர் எங்கள் ஊருக்கு வந்து, தன் பெயரைத் தொலைத்துவிட்டு, எங்கள் சொற்களையெல்லாம் எண்ணி அடுக்கிக் கொடுத்தார். இன்னொருவர் வராமலேயே தன் பெயரை அனுப்பி எங்கள் சொல் ஒன்றை எடுத்துக்கொண்டார். இத்தாலிக்காரர்களோடு எங்கள் ஊருக்குக் கணக்கு இப்படி நேராகிவிட்டது.

பிறகு மழையாகப் பெய்தன பெயர்கள். ஒரு ரூபாய்க்குப் 'பாக்கெட் தண்ணி' வந்தது; பஸ் ஜன்னலில் முனையைக் கடித்துத் துப்பி, பாதியைச் சட்டையிலும் பாதியை வாயிலும் ஊற்றிக்கொள்கிற அந்தக் கலையை ஒரு தலைமுறை கற்றுத் தேர்வதற்குள், 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் தடையில் அது போய்ச் சேர்ந்தது. ரயிலில் 'ரயில் நீர்'. 2013-இல் பஸ் நிலையங்களில் பத்து ரூபாய்க்கு 'அம்மா தண்ணி'. பெற்ற தாய் சும்மா கொடுத்த பொருளுக்கு ஏன் பத்து ரூபாய் என்று என் நண்பர் ஒருவர் எப்போதும் கேட்பார், கேட்டுக்கொண்டே வாங்குவார். எங்கள் பக்கத்துக் கல்யாணப் பந்திகளில் இப்போது ஒவ்வொரு இலைக்கும் பக்கத்தில் ஒரு குட்டிப் பாட்டில் நிற்கிறது. பரிமாறுகிற பையன்கள் அதற்கு வைத்திருக்கிற பெயர் 'குவாட்டர்'. அரை லிட்டர் 'ஆஃப்', ஒரு லிட்டர் 'ஃபுல்'. சம்பந்தி வரிசையில் உட்கார்ந்திருக்கிற பெரியவர், "தம்பி, இங்க ஒரு குவாட்டர் வை" என்று பலர் அறியக் கேட்டு, வாங்கி, அண்ணாந்து குடிக்கிறார். என்றோ தண்ணீரிடமிருந்து சாராயம் கடன் வாங்கிய பெயரைத் தண்ணீர் வட்டியோடு திருப்பி வசூலித்துவிட்டது. என் பழைய நோட்டில் இதற்குத் தனிப் பகுதியே ஒதுக்கியிருப்பேன்; இந்தப் பையன்கள் நோட்டில் எழுதாமலேயே எங்களைவிடக் கெட்டிக்காரர்களாக இருக்கிறார்கள்.

பந்தியில் அந்தப் பாட்டிலைத் திறக்கும்போதெல்லாம் ஊத்துத்தண்ணியை நினைத்து உருகுகிறவன்தான் நான். ஆனால் எதிர் வரிசையில் என் வயதுக்காரர் ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்தால் கெண்டைக்காலில் பழைய தழும்பு தெரியும், அந்தக் காலத்துக் குளத்துத் தண்ணீர் போட்ட கையெழுத்து. நரம்புச்சிலந்தி என்று சொன்னால் இன்றைக்குக் கல்லூரி படிக்கிற பிள்ளைகள் ஏதோ எட்டுக்கால் பூச்சி என்று நினைக்கிறார்கள். இறங்கிக் கால் நனைத்து மொள்ளுகிற குளங்களிலும் படிக்கிணறுகளிலும் கண்ணுக்குத் தெரியாத பூச்சியோடு சேர்ந்து வயிற்றுக்குள் போய், மாதக்கணக்கில் வளர்ந்து, காலைத் துளைத்துக்கொண்டு நூலாக வெளியே வருகிற புழு அது; குச்சியில் சுற்றிச் சுற்றி நாள்கணக்கில் இழுப்பார்கள். இந்தியாவில் அது ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது 2000-இல்தான். அந்தப் பூச்சி, மடித்த வேட்டித் துணியைத் தாண்டாது. அப்பாயி குடத்து வாயில் கட்டச் சொன்ன துணியை, மண் வராமலிருக்கத்தான் என்று நினைத்து, அவள் பார்க்காதபோது அவிழ்த்துவிட்டு வேகமாக நிரப்பிக்கொண்டு வந்த சூரர்கள் நாங்கள். ஊத்துத்தண்ணி எங்களைக் காப்பாற்றியது ஆற்று மணலின் புண்ணியம்.

அந்த மணல்தான் பிறகு லாரி லாரியாக ஏறிப்போயிற்று. மதராசில் என் அடுக்குமாடியில்கூட அதில் கொஞ்சம் இருக்கலாம். திருமானூர்ப் பக்கத்து ஜனங்கள் குவாரி வேண்டாம் என்று ஆற்றுக்குள் இறங்கிப் போராடிப் பார்த்தார்கள். முழங்கை ஆழத்தில் இருந்த ஊத்து இப்போது எங்கே இருக்கிறது என்று சொல்ல ஆற்றுக்குள் போட்டிருக்கிற போர் மோட்டாரைத்தான் கேட்க வேண்டும். கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்று ஆற்றின் அடியிலிருந்து உறிஞ்சி, மேல்நிலைத் தொட்டியில் ஏற்றி, குழாயில் விடுகிறார்கள். ஊத்துத்தண்ணியேதான், உட்கார்ந்து பறிக்க வேண்டியதில்லை, வம்பளக்கவும் நேரமில்லை. ஊர்க்காரர்கள் அதைப் பிடித்துத் துணி துவைத்துவிட்டு, குடிக்கக் கேன் வாங்குகிறார்கள்.

இந்தத் தடவை ஊருக்குப் போனபோது அக்கா வீட்டு வாசலிலேயே புதுக் குழாய் முளைத்திருந்தது. 'சல்சீவன் பைப்பு' என்றாள் அக்கா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்ன வயதில், மாற்றலாகி வந்த வாத்தியார் ஒருவர் வீட்டு அம்மா 'ஜலம்' என்று சொன்னதற்கும், அவர்கள் குழந்தை 'தூத்தம்' கேட்டு அழுததற்கும் ஒரு கோடை முழுக்கச் சிரித்த ஊர் இது. வீட்டுக்கு வருகிறவர்களை "தாகத்துக்குக் குடிக்கிறீங்களா" என்று மட்டும் கேட்டுப் பழகிய ஊர். இப்போது அதே ஜலம் டில்லி போய், 2019-இல் திட்டமாகி, ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்ற வாக்குறுதியோடு வாசலில் வந்து நிற்கிறது, யாருக்கும் சிரிக்கத் தோன்றவில்லை. மாவட்டப் பெயர்கூட இப்படித்தான். நான் பிறந்தபோது திருச்சிராப்பள்ளி, 1995-இல் பெரம்பலூர், 2001-இல் அரியலூர், அடுத்த வருஷமே மறுபடி பெரம்பலூர், 2007-இல் மறுபடி அரியலூர். ஊர் இருந்த இடத்திலேயே உட்கார்ந்து மணியார்டர் பாரத்தில் முகவரியை மட்டும் அடித்து அடித்து எழுதிக்கொண்டிருந்தது.

திண்ணையில் உட்கார்ந்து, "எந்தத் தண்ணியா இருந்தாலும் சரி, ஒரு சொம்புல கொண்டா" என்றேன். அரியலூர் அரசுக் கல்லூரியில் படிக்கிற அக்கா பேரன் செல்போனிலிருந்து நிமிர்ந்து பார்த்தான்.

"தாத்தா, சத்தமா கேக்காதீங்க. சொம்புன்னா இப்ப வேற."

"வேறன்னா?"

"யாராவது பெரிய ஆளு என்ன சொன்னாலும் சரி சரின்னு பின்னாடியே போவான்ல, அவன்தான் சொம்பு. அவன் பண்ற வேலைக்குப் பேரு சொம்பு தூக்குறது."

அப்பாயி புளி போட்டுத் தேய்த்து, ஆற்றுக்கும் வீட்டுக்கும், ஞாயிறு பூசைக்கு வந்துவிட்டு எங்கள் திண்ணையில் உட்காருகிற பெரியவர்களுக்கும் மாறி மாறித் தூக்கிக்கொண்டு நடந்ததும் சொம்புதான். பெரியவர்கள் என்ன சொன்னாலும் அவள் சரி என்று சொன்னதாக மட்டும் எனக்கு ஞாபகமில்லை. அதை அவனிடம் சொல்லலாம் என்று வாயெடுப்பதற்குள் அக்கா உள்ளேயிருந்து, முன்பு ஏதோ கலர் இருந்து காலியான ஒரு பெரிய பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீரைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

"சொம்பெல்லாம் பரண்ல கெடக்கு, யாரு ஏறுறது? இதுலயே குடி தம்பி. போறப்ப பையில போட்டுக்கிட்டுப் போயிடாத, அது ஃப்ரிட்ஜ் பாட்டிலு."